புதுப்பட்டினத்துக்கு அனுப்பிய மூட்டைகள்

மகனே,

நீ அனுப்பிய கடிதம் சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. கையில் கத்தரியும் மேசையில் யாரோ ஒருவருடைய டெர்லின் பேண்டுத் துணியுமாக நின்றுகொண்டிருந்தேன். வெட்டி முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று சட்டைப்பையில் செருகினேன். பிறகு, இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தானே நம்மை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது என்று நினைத்து, கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். படித்த பிறகு அன்றைக்கு என்னால் ஒரு நேர்கோடு வெட்ட முடியவில்லை. அந்தப் பேண்டுக்காரப் பிள்ளை பெல்பாட்டம் கேட்டிருந்தான். கேட்டதைவிட அகலமாகவே அவனுக்குக் கிடைக்கப்போகிறது.

மருமகள் நசீமாவுக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதக் கரு தங்காமல் போய் ஏழு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படி வரும்? லேடி டாக்டர் முழு ஓய்வு எடுக்கச் சொன்னதையும், அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை லீவு விடுவதால் புதுப்பட்டினத்தில் சின்னம்மா வீட்டுக்குப் பத்து நாள் அனுப்பப்போவதையும் எழுதியிருக்கிறாய். இதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் படித்தேன். அடுத்த பக்கத்தில், "பரீட்சைப் பேப்பர் நாலு கட்டு இருக்கிறது அத்தா, அதையும் கொடுத்தனுப்புகிறேன். கடற்காற்றில் உட்கார்ந்தபடியே திருத்திவிடுவாள், உட்கார்ந்து செய்கிற வேலைதானே. எனக்கும் லீவு பாக்கி இருக்கிறது. ஆனால் வருஷக் கடைசியில் எல்லாரும் போய்விடுகிற நேரத்தில் நான் ஒருவன் இருந்தால் மேலதிகாரி கண்ணில் படும். அம்மாவுக்கு நீங்கள் செய்ததைத்தான் நானும் நசீமாவுக்குச் செய்கிறேன்" என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ என்னைப் பாராட்டி எழுதினாய். தெரியாமலே ஓர் எழுத்துப் பிசகாமல் உண்மையை எழுதிவிட்டாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் அம்மா மௌத்தாகி ஏழு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இதில் சொல்லப்போகிறேன். உன் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவக் கடைசிப் பத்து நாளாச்சும் கடலோரமா நிம்மதியா வச்சிருந்தீங்களே அத்தா, எனக்கு அது போதும்" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

நம் கடையைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம், டெக்னிக்கல் காலேஜ், ஹாஸ்டல் என்று நீ வெளியிலேயே வளர்ந்ததால் சிலது உன் கண்ணில் படாமல் போயிருக்கும். இங்கிலீஷ் வருஷக் கடைசிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம் பெருநாள் பிறையோடு நகர்கிறது. ஆனால் கடைக்கு அதுதான் சீசன். கிறிஸ்துமஸ் துணி, புது வருஷத் துணி, உடனே பொங்கல் துணி. ஊர் முழுக்க லீவில் இருக்கும்போது ஊர் போடுகிற சட்டையை நாம் தைத்துக்கொண்டிருப்போம். கல்யாணமான முதல் வருஷமே உன் அம்மா, "லீவுல எந்தங்கச்சி வூட்டுக்குப் போயி நாலு நாளு கடலப் பாத்துக்கினு இருந்துட்டு வரலாங்களா?" என்று கேட்டாள். "பொங்கல் முடியட்டும்" என்றேன். பொங்கல் முடிந்ததும் கல்யாண சீசன். அடுத்த வருஷம் கேட்டாள், அதே பதில். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு ஆசை விட்டுப்போச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எது வசதியோ அதைத்தானே நான் எப்போதும் எடுத்துக்கொள்வேன்.

நம் கடையில் காஜா எடுக்க ஆள் வைத்ததே இல்லை, கவனித்திருக்கிறாயா? பட்டன் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் போடுவது, பட்டன் கட்டுவது, பேண்டுக்கு அடிமடிப்புத் தைப்பது எல்லாம் உன் அம்மாதான். வெட்டுவதும் மிஷின் மிதிப்பதும் நான். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. மிஷினில் உட்கார்ந்தால்தான் அது வேலை. மற்றதெல்லாம் கைவேலை, அதாவது வேலையில் சேராதது. உலை கொதிக்கும்போது செய்யலாம், ரேடியோ கேட்டுக்கொண்டு செய்யலாம், பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே செய்யலாம். ஊரில் இருக்கிற டெய்லர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அவள் எடுத்த காஜாவைப் பார்த்து, "இது பாய் கடைச் சட்டை" என்று தூரத்திலிருந்தே சொல்லுவார்கள். பெயர் எனக்குக் கிடைத்தது. அதிலும் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

அவளுடைய கடைசி வருஷத்தில், ஐப்பசி மழையிலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நீ தீபாவளி லீவில் வந்தபோது, "சளிடா" என்று சொல்லி உன்னைச் சமாளித்தாள். டிசம்பர் நடுவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் வால்வு பழுது என்றார் டாக்டர். சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு வந்ததாம். "மிஷின் மிதிக்கக் கூடாது, தண்ணி தூக்கக் கூடாது, பத்துப் பதினஞ்சு நாள் எங்கேயாவது போய் முழு ஓய்வு எடுக்கணும், பிறகு வாங்க, பார்க்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பவாச்சும் புதுப்பட்டினம் போலாங்களா?" அந்தக் கேள்வியில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. உடம்பு கெட்டதற்கு ஒரு மனுஷி சந்தோஷப்பட்டாள் என்றால் அவளை நான் எப்படி வைத்திருந்தேன் என்று பார்த்துக்கொள்.

அனுப்பினேன். அந்த வரைக்கும் உண்மை. நீ காலேஜ் கேம்ப்புக்குப் போயிருந்தாய், அதனால் நானே செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஆனால் அந்த வருஷம் பொங்கலும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒட்டி ஒட்டி வந்தன. வந்த துணி எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் காஜா இல்லாமல் சட்டைகள் குவிந்து கிடந்தன. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டர் மிஷின் மிதிக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? ஊசி பிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே? கடல் காற்றில் உட்கார்ந்துகொண்டு, பொழுதுபோக்காக நாலு காஜா எடுத்தால் என்ன? நான் பெரிய மூளைக்காரன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. பழைய வேட்டியில் சட்டைகளை மூட்டை கட்டி, கல்பாக்கம் பஸ்ஸில் கண்டக்டர் கன்னியப்பனிடம் கொடுத்தேன். சின்னம்மா வீட்டுக்காரர், உன் சின்னத்தாவின் மளிகைக் கடை வாசலில்தான் பஸ் நிற்கும். இறக்கிவிட்டு, முந்தின நாள் மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவான். அன்றிலிருந்து தினம் ஒரு மூட்டை போயிற்று, ஒரு மூட்டை வந்தது.

கன்னியப்பனை உனக்கு நினைவிருக்கும், வாய் அடங்காதவன். நாலாவது மூட்டையை வாங்கும்போதே கேட்டுவிட்டான். "இன்னா பாய் இது? ரெஸ்ட்டுன்னு அனுப்ச்சிட்டு பின்னாலயே மூட்டய அனுப்பிக்கினு கீற. அது இன்னா ரெஸ்ட்டு?"

"கைவேலதாம்பா. சும்மா ஒக்காந்துனு கீறவளுக்குப் பொழுது போவ வேணாமா?"

"இன்னாவோ போ. அண்ணி மூஞ்சிய நீ பாத்தியா? நான் தெனம் பாக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டு விஷயத்தில் இவனுக்கு என்ன பேச்சு என்று அடுத்த இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் மூட்டையைக் கொடுத்தனுப்பினேன். அவன் சொன்னதைக் கேட்டு ஒரே ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறியிருந்தால் போதும். ஒன்றரை மணி நேரப் பயணம். பட்டணத்திலிருந்தும் வெள்ளைக்காரத் தேசத்திலிருந்தும் கார் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதே கடலோரத்தில் கிடந்த என் பெண்டாட்டியைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

புது வருஷத்தன்று அழைத்துவரப் போனேன். முன்னைக்கு இளைத்திருந்தாள். கட்டைவிரலில் ஊசி குத்திய தழும்புகள் கறுத்துப் போயிருந்தன. "காத்து வாங்குனியா?" என்று கேட்டேன். "வாங்குனேங்க" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கு வந்த கூட்டம் ஏறி நெருக்கித் தள்ளியபோதுகூடக் கண் விழிக்கவில்லை, என் தோளில் சாய்ந்து அப்படியொரு தூக்கம். கடற்காற்றில் நன்றாகத் தூங்கிப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ கேம்ப் முடிந்து மறுநாள் வந்தாய். வந்ததும் வராததுமாய், "கடல்ல கால் நனச்சியாம்மா?" என்று கேட்டாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நனச்சேன்டா, சில்லுன்னு இருந்திச்சி" என்றாள். அந்தப் பார்வை எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எட்டு நாள்தான் இருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் சுபுஹுத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டினவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மீதியை நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய், நான் எழுத வேண்டாம். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, நீ பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், சின்னம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அக்கா பத்து நாளு எங்கூட்டுல இருந்துச்சே, ஒரு நாளாச்சும் கடலுக்குப் போச்சான்னு கேளுங்க."

"போவலயா?"

"எங்க போவுது? கூப்பிட்டா, 'இந்த மூட்டைய முடிச்சிட்டு சாயங்காலமா போலாம்'னும். சாயங்காலம் அடுத்த மூட்ட வந்துடும். படுத்துனு இருந்தாலும் பஸ்ஸு சத்தம் கேட்டா எழுந்து ஒக்காந்துக்கும். ஒரு நாளு நான் ஊசியப் புடுங்கி ஒளிச்சி வச்சேன். 'அவரு நாலு பேருக்கு வாக்குக் குடுத்திருப்பாரு, குடுத்துடுடி'ன்னு அழுவுது. இன்னா செய்யறது நானு?"

அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ஆசைப்பட்டு இருபது வருஷம் காத்திருந்து போனவள், பத்து நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குனிந்து உட்கார்ந்து நூல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாளே கடையைத் திறந்தேன், மகனே. உனக்குக்கூட அது கோபம். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். கம்பியில் அவள் காஜா எடுத்த பதினோரு சட்டைகள் தொங்கின. ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்துவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். பதினொன்றையும் கொடுத்தேன். ஒன்றைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கடைசிச் சட்டையும் போன பிறகுதான் தோன்றியது.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "முழு ஓய்வு எடுத்திருந்தாலும் போயிருக்கலாம், கொஞ்ச நாள் கூட இருந்திருக்கவும் கூடும், யார் சொல்ல முடியும்?" என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரோ என்னவோ. ஆயுள் அல்லாஹ்வின் கையில். அதைப் பற்றி நான் அழவில்லை. அந்தப் பத்து நாள் என் கையில் இருந்தது. அதை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தினம் ஒரு மூட்டையாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன்னிடம் மட்டும், "உங்கம்மா கடலப் பாத்துக்கினு நிம்மதியா இருந்தா" என்று சொன்னேன். நீ அழுதுகொண்டிருந்தாய், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்ன பொய்யையே நானும் தொடர்ந்து சொல்லிவிட்டேன்.

ஓய்வு என்றால் என்ன என்று எனக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கை நடுங்க ஆரம்பித்து, கத்தரி கோட்டைத் தாண்டிப் போயிற்று. டிசம்பர் கடைசியில் கடையைப் பூட்டிவிட்டுப் புதுப்பட்டினம் போனேன். நம்பமாட்டாய், முதல் மூன்று நாள் நரகம். கை சும்மா இருக்கத் தெரியாமல் கைலியின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்தது. யாருக்கோ என்னவோ தர வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கண்ணயர்ந்தவன் சாயங்காலம் அஸருக்குத்தான் எழுந்தேன். அன்றைக்கு ராத்திரி பசித்துச் சாப்பிட்டேன். ஆறாம் நாள் கை நடுக்கம் குறைந்தது. அதைவிடப் பெரிய காரியம், அதுவரைக்கும் உன் அம்மா என்றாலே அந்தச் சுவரும் பாயும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அன்றைக்கு முதல் முறையாக அவள் சிரித்துப் பேசின சத்தம் ஞாபகம் வந்தது. உடம்பு ஓய்ந்தால்தான் மனசு பழையதைத் தேடிப் போகிறது. மூன்று நாள் போதாது மகனே. முதல் மூன்று நாள் வேலை நம்மை விட்டு இறங்குவதற்கே சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான் லீவே தொடங்குகிறது. மூட்டையோடு போகிறவளுக்கு அந்த நாலாம் நாள் வரவே வராது.

ஏழாம் நாள் சின்னத்தாவோடு மாமல்லபுரம் போனேன். இத்தனை பக்கத்தில் பிறந்து வளர்ந்து, அந்தக் கல்லையெல்லாம் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு குரங்குக் குடும்பத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பெண் குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆண் குரங்கு பின்னால் இருந்து அதற்குப் பேன் பார்க்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னத்தா, "இன்னாண்ணே, இன்னா ஆச்சி?" என்று பதறினார். பெண்டாட்டி பக்கத்தில் சும்மா உட்கார ஒரு குரங்குக்கு இருந்த நேரம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றேன். திரும்பி வந்து கடையைத் திறந்தால், துணி கொடுக்க வந்தவர்கள் இரண்டு பேச்சுப் பேசிவிட்டுத் துணியை வைத்துவிட்டுப் போனார்கள். வேறு கடைக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். யாரும் பொங்கலுக்குச் சட்டையில்லாமல் நிற்கவில்லை. இதற்காகவா நான் அப்படி ஓடினேன் என்று அவமானமாக இருந்தது.

உன் மேலதிகாரியும் அப்படித்தான். நீ இல்லாவிட்டால் பத்து நாள் முணுமுணுப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மார்க்கு ஒரு வாரம் தள்ளி வந்தால் சந்தோஷம்தான் படுவார்கள். நசீமாவுக்கு வேறு ஆசிரியை யாராவது உதவ மாட்டார்களா என்று நீயே போய்க் கேள். அவள் கேட்க மாட்டாள். "ஒக்காந்து செய்ற வேலதானே, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வாள். அந்தப் பேச்சை நம்பாதே. கரு போன துக்கத்தை அவள் இன்னும் யாரிடமும் அழுது தீர்க்கவில்லை என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. பேப்பர் திருத்திக்கொண்டிருந்தால் அழவும் நேரம் இருக்காது. நீயும் கூடப் போ. அவளைத் தனியாக அனுப்பினால் நீ பக்கத்தில் இல்லாததே அவளுக்கு ஒரு வேலையாகிவிடும். தினம் உனக்குக் கடிதம் எழுதி, நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அம்மாவைப் பற்றி மிச்சம் இருந்த ஒரே நிம்மதி அந்தப் பத்து நாள். அதையும் இன்றைக்கு உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். சொல்லாமலே நானும் போய்ச் சேர்ந்திருந்தால் நீ என்னை நல்ல அத்தா என்றே நினைத்திருப்பாய். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் நீ அதைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாயே. அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? கோபம் வந்தால் கோபப்படு. ஒரு மாதம் பேசாமல் இரு, ஒரு வருஷம் பேசாமல் இரு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நாலு வருஷமாகச் செய்கிறபடி இந்த வருஷக் கடைசியிலும் நான் புதுப்பட்டினத்தில்தான் இருப்பேன் என்பது உனக்குத் தெரியும். சின்னம்மாவிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். என்னைப் பார்க்கப் பிடிக்காது என்பதற்காக நீ நசீமாவை அங்கே அனுப்பாமல் இருந்துவிடாதே. ஒரு கார்டு போடு, 'வர வேண்டாம்' என்று மட்டும் எழுது, காரணம் எழுத வேண்டாம். நான் இந்த வருஷம் செங்கல்பட்டிலேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வெறுங்கையோடு போங்கள்.

அத்தா